செவலையை இழந்த பிறகு வீட்டைச் சுற்றி நாங்கள் மாற்றியவை

ஐப்பசி அடைமழை. கரண்ட் போய் ஒரு மணி நேரம் இருக்கும். கொல்லையில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் எங்கள் நாய் செவலை விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. குரைப்புக்கு நடுவே இன்னொரு சத்தமும் கேட்டது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஆவி சீறுமே, அந்த மாதிரி, நீளமாக. மழைத் தண்ணீர் தகரத்தில் இறங்குகிறது என்று நினைத்து அடுப்பு வேலையைப் பார்த்தேன். திடீரென்று ஒரு வீல் சத்தம். கொஞ்ச நேரத்தில் செவலை தானாகவே வந்து திண்ணையில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். மூக்குத் தண்டுக்கு இடது பக்கம் இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். "தேரையைக் கவ்வியிருக்கும், இல்லன்னா தேளு கொட்டியிருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சுப் போடு, காலையில சரியாப் போயிடும்" என்றார் மாமியார். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. எங்கள் வீடு திருப்பனந்தாளுக்கும் அணைக்கரைக்கும் நடுவே, கொள்ளிடக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்த மழையில் ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? பத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் முகம் வீங்கி இடது கண் மூடிக் கிடந்தது. மஞ்சள் பத்துக்கு அடியிலிருந்து ரத்தம் இன்னமும் கசிந்துகொண்டிருந்தது. ராத்திரி முழுக்கக் கடந்தும் ஊசிமுனைக் காயத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பியின் லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம். முதலில் போன இடத்தில் மருந்து இருப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவதாக ஒரு கால்நடை மருத்துவரிடம் போய்ச் சேரும்போது மணி பத்தரை.

அவர் செவலையின் முன்னங்காலில் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசை ஓரத்தில் நிறுத்தி வைத்தார். "இருபது நிமிஷம் யாரும் தொடாதீங்க" என்றார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். நேரம் ஆனதும் குழாயை மெதுவாகச் சாய்த்தார். நல்ல ரத்தமாக இருந்தால் தயிர்போல உறைந்து அப்படியே ஒட்டியிருக்க வேண்டும். செவலையின் ரத்தம் தண்ணீர்போல ஓடிக் குழாயின் வாய்வரை வந்தது. "கண்ணாடி விரியன்" என்றார்.

மருந்துக் கடையிலிருந்து விஷமுறிவு மருந்து வாங்கி வந்து ஏற்றினார்கள். மனிதர்களுக்குப் போடுகிற அதே மருந்துதான் நாய்க்கும். "சின்ன உடம்புதானே, ஒரு குப்பி போதாதா டாக்டர்?" என்று கேட்டேன். "பாம்பு ஆளைப் பாத்து அளந்து விஷம் விடாதும்மா. உங்களுக்கு இறங்குற அளவுதான் இதுக்கும் இறங்கியிருக்கும். உடம்பு சின்னதா இருக்கிறதால இதுக்குத்தான் ஆபத்து அதிகம்" என்றார். மறுநாள் ரத்தக் கசிவு நின்றது. ஆனால் அதற்குள் சிறுநீரகம் கெட்டுவிட்டது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் வந்து, பிறகு வருவதே நின்றது. மூன்றாம் நாள் சாயங்காலம் என் மடியில் தலையை வைத்தபடி செவலை போய்விட்டது. எட்டு வயது. என் மகள் நடக்கப் பழகியதே அதன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான்.

நான் இதை எழுதுவது அந்தப் பதினாலு மணி நேரத்துக்காக. முதல் ஒரு மணி நேரத்திலேயே கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்குமா என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். "வாய்ப்பு ரொம்ப அதிகம்" என்றார். ஐந்து வருஷமாக அந்தப் பதில் என்னை விடவில்லை. அதற்குப் பிறகு வீட்டைச் சுற்றி ஒவ்வொன்றாக மாற்றினோம். எது உபயோகப்பட்டது, எது வீண் வேலை என்று இப்போது எனக்கு ஓரளவு சொல்ல முடியும்.

முதலில் பாம்பு ஏன் வந்தது என்பதைத் தேடினேன். கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும் நடுவே மூன்று முழம் இடைவெளி. போருக்கு அடியில் குடைந்து குடைந்து எலி வளை. தவிடும் பிண்ணாக்கும் வைத்திருந்த சாக்கில் மூலையெல்லாம் ஓட்டை. கொட்டகை ஓரம் காய்ந்த தென்னை மட்டையை மூன்று வருஷமாக அடுக்கியபடியே இருந்தோம். கண்ணாடி விரியனுக்குச் சாப்பாடு எலி. படுக்க இருட்டான, காய்ந்த, யாரும் புரட்டாத இடம் வேண்டும். இரண்டையும் கொட்டகைக்குப் பக்கத்திலேயே நாங்கள் வைத்திருந்தோம். அது மற்றப் பாம்புகள் மாதிரி ஆள் அரவம் கேட்டதும் ஓடாது. சுருண்டு கிடந்த இடத்திலேயே கிடந்து சீறும். அந்தக் குக்கர் சத்தம் அதுதான். நாய் அந்தச் சத்தத்தைக் கேட்டு விலகாது, மூஞ்சியைக் கொண்டுபோய் நீட்டும். அதனால்தான் நாய்களுக்குப் பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் கடி விழுகிறது.

வைக்கோல் போரை மாற்றியதுதான் நாங்கள் செய்ததிலேயே பெரிய வேலை. இப்போது வீட்டிலிருந்து முப்பதடி தள்ளி, நாலு கருங்கல் தூணின் மேல் மூங்கில் பரண் கட்டி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் போடுகிறோம். அடியில் குனிந்து பார்த்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும், அதுதான் கணக்கு. அறுவடை எந்திரம் வந்த பிறகு எங்கள் பக்கம் பாதிப் பேர் உருளை உருளையாகச் சுற்றிய வைக்கோல் கட்டுகளைத்தான் வாங்குகிறார்கள். அந்த உருளையைத் தரையோடு வைத்தால் அடியில் ஒரு குகையே உண்டாகிவிடும். எடுக்கும்போது கையை அடியில் கொடுத்துப் புரட்டாதீர்கள். குச்சியால் நெம்பி உருட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, பிறகு கிட்டே போங்கள். விறகுக்கும் தென்னை மட்டைக்கும் இதே வழிதான். தவிடும் பிண்ணாக்கும் இப்போது மூடி போட்ட தகர டிரம்மில் இருக்கின்றன.

எலிக்கு விஷம் வைப்பதை அடியோடு நிறுத்தினோம். விஷம் தின்ற எலி வளையில் சாகாமல் வாசலில் வந்து விழும். அதை நாயோ பூனையோ தின்னும், இல்லாவிட்டால் ராத்திரி கூகை தூக்கிப் போகும். எங்கள் தெருவில் இரண்டு பூனைகள் வாயில் நுரை தள்ளிச் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். நம் தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறதே, மூங்கிலை வில்லாக வளைத்து, சுருக்குப் போட்டு, நடுவில் இரை வைப்பது, அதற்கு நிகர் எதுவும் இல்லை. கதிர் வருவதற்கு முன்னால், எலி பெருகத் தொடங்கும்போதே, வரப்போரமாக வரிசையாக வைத்துவிட வேண்டும். கிட்டி வைப்பவர்கள் எங்கள் பக்கம் இப்போது குறைந்துவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். வயலில் ஆளுயரத்துக்கு டி வடிவத்தில் குச்சி நட்டு வைத்தால் ராத்திரியில் ஆந்தையும் கூகையும் வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும். காசு பணம் தேவையில்லாத வேலை. நாங்கள் ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து நடுகிறோம். கதிர் பால் பிடித்ததும் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பகலில் குருவி வந்து உட்கார்ந்து மணியைத் தின்னும்.

எலிக்கும் பன்றிக்கும் பயந்து வயலைச் சுற்றிக் கம்பி இழுத்து வீட்டுக் கரண்டை நேராகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். அதைவிட, விடியற்காலையில் தண்ணீர் பார்க்க வரப்பில் நடந்து வருகிற மனிதரை அது கொல்லும். அந்த மாதிரிச் சாவு வீட்டுக்கு நான் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன். எந்த விளைச்சலுக்காகவும் அதைச் செய்யாதீர்கள்.

மாமியார் தம் பங்குக்கு வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டினார், வேலியோரம் சிறியாநங்கை நட்டார். அவர் மனசுக்கு அது தைரியம், அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதை நம்பி மட்டை அடுக்கைக் கலைக்காமல் இருந்திருந்தால் இன்னொரு உயிர் போயிருக்கும். பூண்டுத் தண்ணி, பினாயில் எல்லாம் தெளித்துப் பார்த்தோம். பினாயில் தெளித்த மூன்றாம் நாள் அதே இடத்தில் சாரை நெளிந்து போனது. சாரை விஷமில்லாதது, எலியைத் தின்று நமக்கு உதவி செய்வது. அதை அடிக்காதீர்கள் என்று தெருவில் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வருஷம் மாசி மாதம். விடியற்காலை நாலரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். எங்கள் வயலுக்கு நடவுக்கு வருகிற அக்கா. "புள்ளைக்கு ஒரே வயித்து வலிங்க, வாந்தி வேற. ஓமத் தண்ணி இருந்தாக் கொஞ்சம் குடுங்க." பன்னிரண்டு வயதுப் பெண். கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பேன். எதற்கோ, "என்னக்கா சாப்பிட்டா ராத்திரி?" என்று கேட்டேன். "எல்லாரும் சாப்பிட்டதுதான். பாதி ராத்திரியில எந்திரிச்சு வலிக்குதுன்னா. இப்பக் கண்ணைத் தொறக்கவே மாட்டேங்குறா, தூக்கக் கலக்கம்" என்றார்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடவே ஓடினேன். கீற்றுக் கொட்டகை, மண் தரை, பாய். டார்ச்சை முகத்துக்கு நேராகப் பிடித்து, "கண்ணு, என்னைப் பாரு, நல்லா முழிச்சுப் பாரு" என்றேன். புருவத்தைத் தூக்கினாள், நெற்றி சுருங்கியது, ஆனால் இமை மட்டும் மேலே ஏறவில்லை. பாதிக் கண்ணோடு நின்றது. பேச்சு மூக்கால் வந்தது. கை காலில் தேடினோம், எந்தத் தடயமும் இல்லை, வீக்கமும் இல்லை.

செவலை போனதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். கட்டுவிரியன் கடி வலிக்காது, கொசுக்கடி அளவுகூடத் தெரியாது. எங்கள் ஊரில் எட்டடி விரியன் என்பார்கள். ராத்திரியில் மட்டும் நடமாடும். தரையில் படுத்திருப்பவர்கள் பக்கமாக ஊர்ந்து வந்து, நாம் புரளும்போது கடித்துவிட்டுப் போகும். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, பிறகு இமை சரிவது, விழுங்க முடியாமல் போவது, கடைசியில் மூச்சு. உடனே 108-ஐ அழைத்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம், ஓமத் தண்ணி உட்பட எதுவும் வாயில் ஊற்றவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "தரையில படுத்திருந்த புள்ளைங்க, இமை இறங்குது, கட்டுவிரியனா இருக்கும்னு சந்தேகம்." அங்கிருந்த டாக்டர் அம்மா அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. விஷமுறிவு மருந்து ஏறியது. அன்று மத்தியானம் மூச்சுக்கு எந்திரம் வைத்தார்கள். நாலாம் நாள் எந்திரத்தை எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெண் ஒன்று சொன்னாள். கண் மூடி, கை கால் அசையாமல் கிடந்தபோது எல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்ததாம். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தது, பெரியப்பா "இனிமே என்னத்த" என்று சொன்னது, எல்லாம். பதில் சொல்லத்தான் முடியவில்லை. கட்டுவிரியன் கடித்தவர்கள் பல பேருக்கு நினைவு தப்புவதே இல்லை. அவர்கள் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று தைரியமாகப் பேசுங்கள்.

அந்தப் பாம்பை யாரும் பார்க்கவில்லை, கடைசிவரைக்கும். பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. நம் நாட்டில் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாராகிறது. செத்த பாம்பைச் சாக்கில் போட்டுக்கொண்டு வருவதற்காக அதைத் துரத்திப் போய் இன்னொருவர் கடி வாங்குவது இன்றும் நடக்கிறது. இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு: அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள். 1978-ல் தொடங்கிய சங்கம். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். யாரோ ஓர் இருளர் கை அந்தப் பெண்ணின் உயிர்வரைக்கும் வந்திருக்கிறது.

கடிபட்டால் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளை நடக்கவிடாதீர்கள், ஓடவே விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கினால் கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ, எலும்பு முறிந்தால் எப்படிக் கட்டை வைத்துக் கட்டுவோமோ அப்படி, அசையாமல், இறுக்காமல் கட்டுங்கள். கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கயிற்றை இறுக்கிக் கட்டி வைத்திருந்து கால் அழுகிப் போனவரை எங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் தாமதமானால் பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டு போகலாம். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வலிக்கு நீங்களாக மாத்திரை கொடுக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்துக்குப் பணம் வாங்குவதில்லை. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அரசோ தனியாரோ, எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் கணக்கில் ஏற வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு சொல்கிறது. இதில் எத்தனையோ பேர் மஞ்சள் பத்தோடு விடியும்வரை காத்திருந்தவர்களாக இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றாத நாள் இல்லை.

அந்தப் பெண்ணின் கீற்றுக் கொட்டகைக்கு நாங்கள் முதலில் வாங்கிக் கொடுத்தது கொசுவலை. கட்டில் வாங்க எல்லோராலும் முடியாது, கொசுவலை வாங்க முடியும். வலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் நன்றாகச் செருகிவிட்டால் கட்டுவிரியன் உள்ளே வராது. இப்போது தெருவில் தரையில் படுக்கிற வீடுகள் அத்தனையிலும் வலை தொங்குகிறது. கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் பழைய சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடித்துவிடுங்கள். கழிவுநீர்க் குழாயின் வாய்க்குக் கம்பிவலை போடுங்கள். ராத்திரி கொல்லைக்குப் போகும்போது டார்ச் கையில் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒருத்தரும் படி இறங்குவதில்லை. மகளுக்கும் மாமியாருக்கும் தனித்தனி டார்ச்.

வயல் வேலைக்கு ரப்பர் பூட்ஸ் போடுங்கள் என்று புத்தகத்தில் எழுதிவிடலாம். நடவுச் சேற்றில் பூட்ஸோடு நாலு எட்டு வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சேறு இழுத்து வைத்துக்கொள்ளும். நாங்கள் கண்டது, சேற்றைவிட வரப்பில்தான் ஆபத்து அதிகம். புல் அறுக்கும்போது ஒரு கையில் நீளக் குச்சி வைத்து, முதலில் தட்டிக் கலைத்துவிட்டு, பிறகு அரிவாளைப் போடுவது. வாய்க்கால் ஓரத்துக் காட்டாமணக்குப் புதரை வருஷத்துக்கு ஒருமுறை, மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஊர்கூடி வெட்டுவது. இந்த இரண்டும் நடக்கிற காரியம்.

கோழிக்கு வருகிறேன். ஒரே மாதத்தில் பதினோரு கோழி போனது. கீரியா, மரநாயா, காட்டுப்பூனையா என்று தெரியாமல் தவித்தோம். கூண்டைச் சுற்றிப் பழைய மீன்வலையைக் கட்டினோம். மறுநாள் காலையில் அதில் ஒரு நல்ல பாம்பு செதிலெல்லாம் வலையில் சிக்கி, தலையைத் தூக்கியபடி கிடந்தது. தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொன்னோம். வந்தவர்கள் இடுக்கியில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நூலாகக் கத்தரித்து எடுத்தார்கள், முக்கால் மணி நேரம். நைலான் வலை பாம்புக்கும் பொறி, நமக்கும் பொறி. அன்றே அவிழ்த்துவிட்டோம்.

இப்போது இருக்கும் கூண்டுக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டிங் கம்பிவலை. மெல்லிய கோழிவலையைக் கீரி பிய்த்துவிடும். கம்பிவலையைத் தரைக்குக் கீழே ஓரடி இறக்கி, வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்திருக்கிறோம், தோண்டுகிற பிராணி வலை தட்டியதும் விட்டுவிடும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் சந்து இருந்தது. அதுதான் மரநாயின் வாசல் என்று சாம்பல் தூவி வைத்து மறுநாள் கால்தடம் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ஓட்டு விளிம்பில் ஐந்து விரல் தடம் பதிந்திருந்தது. அந்தச் சந்தை அடைத்த பிறகு ஒரு கோழிகூடப் போகவில்லை. கதவுக்கு வெறும் கொக்கி போதாது, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு தாழ்ப்பாள் வேண்டும். குஞ்சுகளுக்குப் பகலில் பழைய பஞ்சாரமே போதும், பருந்து தூக்காது. முட்டையைச் சாயங்காலமே எடுத்துவிடுங்கள். முட்டை வாசனைக்குத்தான் பாதி விருந்தாளிகள் வருகிறார்கள்.

கொள்ளிடம் பக்கத்தில் இருப்பதால் முதலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அணைக்கரையிலும், சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடத்திலும் முதலைகள் இருப்பது ஊரறிந்தது. வெள்ளம் திறந்துவிடும்போது அவை வாய்க்காலுக்கும் குளத்துக்கும்கூட வந்துவிடும். வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். ஆனால் எனக்கு வெள்ளத்தைவிடக் கோடைதான் பயம். ஆறு வற்றி அங்கங்கே மடு மட்டும் நிற்கும்போது, பரந்து கிடந்த முதலையெல்லாம் அந்த ஒரு மடுவுக்குள் வந்து சேரும். நாமும் மாட்டைத் தண்ணீர் காட்ட அதே மடுவுக்குத்தான் ஓட்டிக்கொண்டு போவோம். எங்கள் சித்தப்பா ஆடு மேய்ப்பவர். ஒரு சித்திரை மாதத்தில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கிடாயை அவர் கண் முன்னாலேயே இழுத்துப் போய்விட்டது. "தண்ணி அசையவே இல்ல தாயி, கட்டை மெதக்குதுன்னு நெனச்சேன்" என்று இன்றும் சொல்வார். அதிலிருந்து ஆடு மாட்டுக்குக் கரைமேலேயே தொட்டி கட்டி அடிபம்பில் அடித்து ஊற்றுகிறோம். விடியற்காலையிலும் இருட்டும் நேரத்திலும் ஆற்றில் துணி துவைக்கப் பெண்கள் போவதில்லை. கரை செங்குத்தாக இறங்குகிற, நாணல் அடர்ந்த துறைகளை விட்டுவிட்டு, அடி மணல் தெரிகிற இடத்தில்தான் இறங்குகிறோம். நாயையும் ஆற்றுப் பக்கம் அவிழ்த்துவிடுவதில்லை.

2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் சிறுத்தை வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். செம்மங்குளம், கூறைநாடு என்று ஊருக்குள்ளேயே நடமாடியது, பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். பெரிய காடு இல்லாத டெல்டாவில் சிறுத்தை என்றதும் அந்த வாரம் எங்கள் ஊரிலும் ஆளுக்கு ஒரு வீடியோ, ஒவ்வொரு நாய்த் தடமும் சிறுத்தைத் தடம். கம்பும் டார்ச்சுமாகக் கிளம்பிய இளவட்டங்களைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாடாகிவிட்டது. அந்த வாரம் எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை, நாலு பக்கமும் திறந்து கிடந்த ஆட்டுக்கொட்டகைக்குச் சுவரும் கதவும் வந்ததுதான். சிறுத்தை வராவிட்டாலும் தெருநாய்க் கூட்டம் வருகிறது. எங்கள் பக்கம் ஆட்டுக்குட்டிகளை அதிகம் கொல்வது காட்டு விலங்கு எதுவும் இல்லை, தெருநாய்கள்தான்.

வெறிநோயை விட்டுவிடக் கூடாது. நாய்க்கு மூன்று மாதத்தில் தொடங்கி வருஷா வருஷம் தடுப்பூசி. கீரி கடித்தாலும் நரி கடித்தாலும் நாய்க்கடி மாதிரியே நினைக்க வேண்டும். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. மிளகாய்த்தூள், காப்பித்தூள் வைக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பாம்பைக் கண்டால் அடி என்று வளர்ந்தவள் நான். 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி அது குற்றம் என்பது பிறகுதான் தெரிந்தது. சட்டத்தை விடுங்கள். அடிக்கப் போய்க் கடிபடுகிறவர்கள் உண்டு. விலகி நின்று, கண் வைத்திருந்து, 101-க்குச் சொன்னால் வந்து பிடித்துப் போகிறார்கள். இருட்டில் தனியாகக் கிடந்தால் வழி விட்டால் போதும், அதுவே போய்விடும்.

செவலை போய் ஒன்றரை வருஷம் கழித்து ஒரு வெள்ளைக் குட்டியைக் கொண்டுவந்தோம். பேர் வெள்ளச்சி. அவளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: பேர் சொல்லிக் கூப்பிட்டால் எதை விட்டாலும் விட்டுவிட்டு வர வேண்டும். தினமும் சாயங்காலம், கையில் ஒரு துண்டு கருவாடு வைத்துக்கொண்டு, கொல்லைக் கோடியிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு மகள்தான் பழக்கினாள். ஆறு மாதம் ஆயிற்று.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, அதே மாதிரி மழை, அதே மாதிரி கரண்ட் இல்லை. எருக்குழிப் பக்கம் வெள்ளச்சி குரைத்தாள். இந்தத் தடவை அந்தச் சீறலை நான் அடையாளம் கண்டுகொண்டேன். எனக்குக் குரல் எழும்பவில்லை. மகள்தான் திண்ணையில் நின்று, "வெள்ளச்சீ, வா!" என்று கத்தினாள். குரைப்பு நின்றது. ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு மழைக்குள்ளிருந்து ஓடி வந்து படியேறினாள். டார்ச்சை அடித்து மூக்கு, உதடு, காது, முன்னங்கால், விரலிடுக்கு எல்லாவற்றையும் மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். மாமியார் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஈரம் மட்டும்தான் இருந்தது.